ஃபேக்டோரியோவில் எண்ணெய்: ரிஃபைனரி நிற்காமல் ஓட்டுவது எப்படி

மலேசியாவின் சிலாங்கூரில் ஓர் ஊர்: பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா, பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை. சாயங்காலமானால் இந்த ஊர் வீடுகளில் ஃபேக்டோரியோ என்கிற, தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டை ஆடுகிற பிள்ளைகளிடையே இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“அண்ணே, க்ரூட் எக்கச்சக்கமா இருக்கு. ரிஃபைனரிதான் ஓடமாட்டேங்குது.”

“ஹெவி ஆயில் டேங்கைப் பார்த்தியா?”

“அது ஃபுல்லா இருக்குண்ணே. நல்லதுதானே?”

“அதனாலதான்டா நிக்குது.”

க்ரூட் என்றால் கச்சா எண்ணெய், ரிஃபைனரி அதைச் சுத்திகரிக்கும் ஆலை, ஹெவி ஆயில் அதிலிருந்து வரும் கனமான எண்ணெய். செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வாசலில் குலை ஏற்றிய லோரிகள் வரிசை கட்டி நின்றாலும், உள்ளே கழிவுநீர்க் குளம் தளும்பினால் ஆலையை ஓட்ட முடியாது. பழம் உதிர்த்த வெறுங்குலை மலையாகக் குவிந்தாலும் அதே கதிதான். அதனால்தான் வெறுங்குலை தோட்டத்துக்கே உரமாகத் திரும்புகிறது, நாரும் ஓடும் கொதிகலனுக்குள் போகின்றன. ஃபேக்டோரியோவின் எண்ணெய் வேலையும் இப்படித்தான். உள்ளே வருவதைப் பற்றிக் கவலைப்படுவதில் பாதியையாவது வெளியே போவதற்குக் கொடுங்கள்.

இங்கே தரும் எண்கள் 2024 அக்டோபரில் வந்த 2.0 பதிப்பின் அடிப்படை ஆட்டத்துக்கு உரியவை. ஸ்பேஸ் ஏஜ் என்ற விரிவாக்கத்தைச் சேர்க்கவில்லை. பழைய வீடியோவைப் பார்த்துக் கட்டினால் கணக்கு உதைக்கும், ஏனென்றால் குழாய், பம்ப், வேகன் மூன்றும் 2.0-இல் மாறிவிட்டன.

கிணறு

எண்ணெய் ஊற்றின் மேல் சுட்டியை வைத்தால் ஒரு சதவீதம் தெரியும். 100% என்றால் ஒரு பம்ப்ஜாக் (ஊற்றின் மேல் வைக்கும் எண்ணெய் இறைப்பான்) விநாடிக்கு 10 அலகு க்ரூட் எடுக்கும். 250% என்றால் 25. எத்தனை ஊற்று என்று எண்ணாதீர்கள், சதவீதங்களைக் கூட்டுங்கள். ஆறு ஊற்றில் மொத்தம் 900% இருந்தால் கையில் விநாடிக்கு 90 அலகு.

இது குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு 300 சுற்றுக்கும் 1% போகும், பம்ப்ஜாக்குக்கு ஒரு சுற்று ஒரு விநாடி. ஆக 100%-இல் தொடங்கிய ஊற்று 20%-க்கு வர 24,000 விநாடி, அதாவது 6 மணி 40 நிமிடம். அதற்குக் கீழே இறங்காது. ஆரம்ப அளவில் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது விநாடிக்கு 2 அலகு, இரண்டில் எது கூடுதலோ அதுவே அடிமட்டம். கிழட்டு ரப்பர் மரத்தில் கொஞ்சமாவது பால் சொட்டுகிற மாதிரிதான். அதனால் வற்றியது என்று பம்ப்ஜாக்கைப் பிடுங்க வேண்டாம். அதில் இரண்டு மாட்யூல் இடம் உண்டு, வேகத்தைக் கூட்டும் ஸ்பீடு மாட்யூல் போடுங்கள். சுரங்க உற்பத்தி ஆராய்ச்சி பம்ப்ஜாக்குக்கும் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு பம்ப்ஜாக்குக்கு 5 ஸ்டீல், 10 கியர், 5 பச்சை சர்க்யூட், 10 பைப். ஓட 90 கிலோவாட். நிமிடத்துக்கு 10 அலகு மாசு கக்கும், ரிஃபைனரியே 6 தான். எண்ணெய்க் களத்தைக் காவல் இல்லாமல் விட்டால் ஆட்டத்தின் எதிரிகளான பூச்சிகள் தேடி வருவதற்கு இதுதான் காரணம். நெருப்பு உமிழும் காவல் பீரங்கியான ஃப்ளேம்த்ரோயர் டரட்டுக்கு அதே க்ரூட் குழாயிலிருந்து ஒரு கிளை இழுத்துவிட்டால் போதும், தனியாகத் தோட்டா அனுப்பத் தேவையில்லை.

முதல் ஐந்து ரிஃபைனரி

ஊற்றில் பம்ப்ஜாக் வைத்து க்ரூட் வரத் தொடங்கியதும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு திறந்துவிடும். முதலில் கிடைப்பது பேசிக் முறை: 100 க்ரூட் கொடுத்தால் 5 விநாடியில் 45 பெட்ரோலியம் கேஸ். வேறெதுவும் வராது, அதனால் அடைப்பும் வராது.

எத்தனை ரிஃபைனரி வேண்டும்? ஆராய்ச்சிக்குச் செலவாகும் நீல சயின்ஸ் பேக் விநாடிக்கு ஒன்று எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு முறை செய்தால் 2 பேக் வரும், அதற்கு 3 சிவப்பு சர்க்யூட், 1 சல்ஃபர், 2 எஞ்சின். விநாடிக்கு ஒரு பேக் என்றால் 1.5 சிவப்பு சர்க்யூட், அதற்கு 3 பிளாஸ்டிக். 20 கேஸும் 1 நிலக்கரியும் 2 பிளாஸ்டிக் தரும் என்பதால் இங்கே 30 கேஸ். சல்ஃபர் அரை அலகுக்கு 7.5 கேஸ். மொத்தம் 37.5. ஒரு ரிஃபைனரி விநாடிக்கு 9 கேஸ் தருகிறது, ஐந்து வைத்தால் 45. இதற்கு விநாடிக்கு 100 க்ரூட் தேவை, அதாவது மொத்தம் 1000% ஊற்று. தொடக்கத்தில் இவ்வளவு வேகம் யாருக்கும் தேவைப்படாது என்பதால் மூன்று ரிஃபைனரியோடு ஆரம்பித்தாலும் குற்றமில்லை. இடத்தை மட்டும் ஐந்துக்கோ எட்டுக்கோ ஒதுக்கி வையுங்கள்.

இடம் ஒதுக்கும்போதுதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ரிஃபைனரி 5-க்கு 5 கட்டம். ஒரு பக்கம் இரண்டு வாய், எதிர்ப்பக்கம் மூன்று வாய். பேசிக் முறையில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று மட்டுமே வேலை செய்யும், மற்ற மூன்றும் சும்மா இருக்கும். சும்மா இருக்கிறதே என்று அங்கே பெல்ட்டோ பைப்போ ஓட்டிவிட்டால் பின்னால் எல்லாவற்றையும் பிய்க்க வேண்டிவரும். ஆல்ட் விசையைத் தட்டினால் எந்த வாய் எதற்கு என்று படம் தெரியும். அட்வான்ஸ்ட் முறைக்கு மாற்றினாலும் க்ரூட் வாயும் கேஸ் வாயும் இடம் மாறாது. அதனால் இன்று போட்ட குழாய் நாளைக்கும் உதவும். உள்ளே போகும் பக்கத்தில் தண்ணீருக்கு ஒரு வரிசை, வெளியே வரும் பக்கத்தில் ஹெவிக்கும் லைட்டுக்கும் இரண்டு வரிசை காலியாக விட்டால் போதும்.

அட்வான்ஸ்ட் முறையும் மூன்று எண்ணெயும்

நீல சயின்ஸ் கிடைத்ததும் முதல் வேலை அட்வான்ஸ்ட் எண்ணெய் ஆராய்ச்சி. 100 க்ரூட், 50 தண்ணீர் கொடுத்தால் 5 விநாடியில் 25 ஹெவி, 45 லைட், 55 கேஸ். மூன்றில் எது நிரம்பினாலும் ரிஃபைனரி நின்றுவிடும். மேலே அந்தத் தம்பி மாட்டிக்கொண்டது இங்கேதான். கேஸை பிளாஸ்டிக்குக்கு இழுத்தார், ஹெவியை யாரும் தொடவில்லை. 25,000 அலகு டேங்க் நிரம்பும் வரை எல்லாம் சுகமாக ஓடியது.

இன்னொரு டேங்க் வைத்தால் தீராதா என்றால் தீராது, தள்ளிப்போகும். எட்டு ரிஃபைனரி விநாடிக்கு 40 ஹெவி தரும். புது டேங்க் பத்தரை நிமிடத்தில் நிரம்பிவிடும்.

தீர்வு க்ராக்கிங், அதாவது கனமான எண்ணெயை உடைத்து லேசானதாக்குவது. 40 ஹெவியும் 30 தண்ணீரும் 2 விநாடியில் 30 லைட் ஆகும். 30 லைட்டும் 30 தண்ணீரும் 2 விநாடியில் 20 கேஸ் ஆகும். இரண்டுமே கெமிக்கல் பிளாண்டில் நடப்பவை. நடுத்தர ஆலைக்கு எங்கள் கணக்கு 8 ரிஃபைனரி, 2 ஹெவி க்ராக்கர், 7 லைட் க்ராக்கர்:

எட்டு ரிஃபைனரியும் விநாடிக்கு 160 க்ரூட் குடித்து 40 ஹெவி, 72 லைட், 88 கேஸ் தரும். இரண்டு ஹெவி க்ராக்கர் அந்த 40-ஐயும் தின்று 30 லைட் தரும். இப்போது லைட் 102. ஒரு லைட் க்ராக்கர் விநாடிக்கு 15 தின்னும், ஏழு வைத்தால் 105, கொஞ்சம் மிச்சமே. அதிலிருந்து 68 கேஸ். ஆக மொத்தம் 156 கேஸ். அதே 160 க்ரூட்டை பேசிக்கில் ஓட்டியிருந்தால் 72 தான். இரட்டிப்புக்கும் மேல்.

தண்ணீர் ரிஃபைனரிக்கு 80, க்ராக்கர்களுக்கு 132, மொத்தம் 212. ஒரு ஆஃப்ஷோர் பம்ப் 1,200 தரும், அதற்கு மின்சாரமும் வேண்டாம். ஒன்றே தாராளம். மின்சாரம்தான் பார்த்துக்கொள்ள வேண்டியது: ரிஃபைனரி ஒன்றுக்கு 420 கிலோவாட், கெமிக்கல் பிளாண்டுக்கு 210. இந்த ஆலைக்கு 5.25 மெகாவாட், அதோடு 160 க்ரூட்டுக்கு 100% ஊற்றில் 16 பம்ப்ஜாக் சேர்ந்தால் ஏறக்குறைய 6.7. 4 பாய்லர், 8 நீராவி எஞ்சின் புதிதாக வையுங்கள். பழைய மின் நிலையத்தின் தலையில் கட்டினால் எல்லாமே மெதுவாகி, ‘எண்ணெய் போதவில்லை’ என்று தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எதை எப்போது உடைப்பது

க்ராக்கர் வைத்ததும் அடுத்த தவறு நடக்கும். ஹெவி முழுவதும் லைட் ஆகிவிடும், லைட் முழுவதும் கேஸ் ஆகிவிடும். பத்து மணிநேரம் கழித்து நீல பெல்ட் (எக்ஸ்பிரஸ் பெல்ட்) செய்ய லூப்ரிகண்ட், அதாவது மசகு எண்ணெய் தேடினால் ஹெவி டேங்கில் சொட்டுக்கூட இருக்காது. 10 ஹெவிக்கு 10 லூப்ரிகண்ட். ஒரு எக்ஸ்பிரஸ் பெல்ட்டுக்கு 20, ஒரு எலெக்ட்ரிக் எஞ்சினுக்கு 15.

இதற்குப் பெரிய சர்க்யூட் படிப்பெல்லாம் வேண்டாம். ஒரு பம்ப், ஒரு வயர் போதும். 2.0-இல் வயர் செய்யத் தேவையில்லை, கீழே குறுக்குவழிப் பட்டியில் இலவசமாகவே இருக்கிறது.

ஹெவி டேங்கிலிருந்து இரண்டு குழாய் கிளம்பட்டும். ஒன்று நேராக லூப்ரிகண்ட் பிளாண்டுக்கு, நடுவில் எதுவும் இல்லாமல். மற்றது ஒரு பம்ப் வழியாக ஹெவி க்ராக்கருக்கு. டேங்கையும் பம்பையும் சிவப்பு வயரால் இணைத்து, பம்பில் ‘ஹெவி ஆயில் 12,000-க்கு மேல்’ என்று நிபந்தனை போடுங்கள். 12,000 வரை லூப்ரிகண்டுக்கு, அதற்கு மேல் வருவதெல்லாம் உடைப்புக்கு. அந்த 12,000-இல் 600 எக்ஸ்பிரஸ் பெல்ட் செய்யலாம், எந்தத் திடீர்த் தேவைக்கும் தாங்கும்.

லைட்டுக்கும் இதே ஏற்பாடு, நிபந்தனை மட்டும் வேறு. லைட் டேங்க், கேஸ் டேங்க் இரண்டையும் ஒரே சிவப்பு வயரில் பம்போடு சேர்த்து, ‘லைட் ஆயில், பெட்ரோலியம் கேஸைவிட அதிகம்’ என்று போடுங்கள். ஒவ்வொரு எண்ணெயும் தன் பெயரிலேயே சமிக்ஞை அனுப்பும் என்பதால் ஒரே வயரில் குழப்பம் வராது. கேஸ் குறைந்தால் லைட் உடையும், கேஸ் நிறைய இருந்தால் லைட் சும்மா சேரும். சேர்ந்த லைட்டை சாலிட் ஃபியூவலுக்கு (திட எரிபொருளுக்கு) திருப்பலாம். சாலிட் ஃபியூவல் செய்ய லைட்டே சிக்கனம்: 10 லைட்டுக்கு ஒன்று, ஹெவியோ கேஸோ என்றால் 20 கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு பொடி விஷயம் ஆளை அலையவிடும். ஒட்டி வைத்த இரண்டு ஹெவி டேங்க் இருந்து இரண்டையும் வயரில் இணைத்தால் பம்புக்குப் போகும் எண் இரண்டின் கூட்டுத்தொகை. 12,000 என்று போட்டது ஒவ்வொன்றிலும் 6,000 ஆனதுமே திறந்துவிடும். ஒரு டேங்கை மட்டும் இணையுங்கள், அல்லது எண்ணை இரட்டியாக்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆலை நின்றால் மூன்று டேங்கையும் பாருங்கள். மூன்றும் நிரம்பியிருந்தால் அது கோளாறே இல்லை, வாங்க ஆளில்லை. பிளாஸ்டிக் பெல்ட் தேங்கியிருக்கும், அவ்வளவுதான்.

குழாய்

செம்பனை எண்ணெயை லோரியிலோ டேங்கிலோ ஆறவிட்டால் கட்டிதட்டும், சூடேற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஆட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. 2.0 வந்தபின் தூரத்துக்கு ஏற்ப ஓட்டம் குறைகிற தொல்லையும் இல்லை. ஒன்றோடொன்று சேர்ந்த குழாய்கள் எல்லாம் ஒரே தொட்டி போல நடக்கின்றன, இந்த முனையில் ஊற்றினால் அந்த முனையில் கிடைக்கும்.

ஒரே எல்லை நீளம். பம்ப் குறுக்கிடாத ஒரு குழாய்த் தொடர் 320 கட்டத்துக்கு மேல் பரந்தால் எச்சரிக்கை காட்டி அந்தத் தொடர் முழுவதும் நின்றுவிடும். கடைசியாக வைத்த துண்டு மட்டும்தான் வேலை செய்யாது என்று நினைத்து அதையே எடுத்து வைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 300 கட்டத்துக்கு ஒரு பம்ப் போட்டால் தொடர் இரண்டாகப் பிரியும். ஆனால் பம்ப் விநாடிக்கு 1,200 தான் தள்ளும். அதற்கு மேல் வேண்டுமானால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வையுங்கள். மின்சாரம் இல்லாத பம்ப் மூடிய வால்வுக்குச் சமம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பக்கத்துப் பக்கத்தில் வைத்த பைப்புகள் தானாகவே இணைந்துவிடும். மூன்று எண்ணெய்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் நெருங்கி ஓடும் இடத்தில் அண்டர்கிரவுண்ட் பைப்தான் கைகொடுக்கும். ஒரு ஜோடிக்கு நடுவே 9 கட்டம் வரை விடலாம், வாய் இருக்கும் பக்கம் தவிர வேறெதிலும் ஒட்டாது. நீள ஓட்டத்துக்கும் அதையே போடுங்கள், இரும்பு கொஞ்சம் கூடச் செலவானாலும் நடக்க வழி கிடைக்கும். கலந்துவிடும் நிலை வந்தால் ஆட்டமே கட்டவிடாது. ‘காலிக் குழாய்தானே’ என்று நினைத்த இடத்தில் கட்டமாட்டேன் என்று அடம்பிடித்தால், உள்ளே பழைய திரவம் துளி கிடக்கிறது. குழாயைத் திறந்து கழுவும் பொத்தானை அழுத்துங்கள். அழுத்துமுன் அந்தத் தொடரில் டேங்க் எதுவும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், டேங்கும் சேர்ந்து காலியாகிவிடும்.

ரயில்

அருகே உள்ள களம் கிழடானதும் அடுத்தது தூரத்தில்தான் இருக்கும். குழாயே இழுத்துக்கொண்டு போகலாம், 2.0-இல் அது முன்போல் முட்டாள்தனம் இல்லை. வழியெங்கும் பூச்சிக் கூடு இருந்தால், அல்லது பல களங்களிலிருந்து ஒரே ஆலைக்குக் கொண்டுவர வேண்டுமானால், ரயில்.

ஃப்ளூயிட் வேகன் ஒன்று 50,000 கொள்ளும், இரண்டு டேங்குக்குச் சமம். நம் எட்டு ரிஃபைனரி 160 வீதம் குடித்தால் ஒரு வேகன் 5 நிமிடம் 12 விநாடி வரும். ஒரு எஞ்சின், இரண்டு வேகன் உள்ள ரயில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் ஆலை காயாது. இரு முனையிலும் 4 டேங்க் வையுங்கள், ஒரு ரயில் சுமை அப்படியே அடங்கும். இறக்கும் இடத்தில் டேங்க் குறைந்தால் ரயில் பாதி இறக்கிவிட்டு நின்றுகொண்டே இருக்கும், பின்னால் வரிசை சேரும்.

ஏற்றி இறக்க பம்ப் நேரடியாக வேகனைப் பிடிக்கும். ரயிலை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டுப் பிறகு பம்பை வையுங்கள், வேகன் வாய்க்கு நேராக அமைந்தால் அதன் நுனி நீண்டு பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு வேகனுக்கு மூன்று வாய். ஒரு பம்ப் என்றால் 42 விநாடி, மூன்றும் வைத்தால் 14 விநாடி. பம்பின் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஏற்றும் ஸ்டேஷனில் ‘சரக்கு நிரம்பும் வரை’, இறக்குமிடத்தில் ‘காலியாகும் வரை’ என்று காத்திருப்பு நிபந்தனை. பம்பில் க்ரூட் மட்டும் என்று வடிகட்டி போட்டுவிட்டால் வேறு திரவ ரயில் தவறி வந்தாலும் ஆபத்தில்லை.

பேரல் (பீப்பாய்) பற்றி ஒரு வரி: ஒன்றில் 50 அலகு திரவம், ஓர் அறைக்கு 10 பேரல். சரக்கு வேகனின் 40 அறையிலும் சேர்த்து 20,000 தான், அதோடு காலிப் பேரலைத் திருப்பி அனுப்பும் வேலையும் உண்டு. எங்கேயாவது கொஞ்சம் லூப்ரிகண்ட் தேவைப்பட்டால் ஒழிய வேண்டாம்.

களத்தில் மின்கம்பி அறுந்தால் பம்ப்ஜாக்கும் ஏற்றும் பம்பும் ஒரே நேரத்தில் நிற்கும். ரயில் நிரம்பாமல் காத்துக்கிடக்கும், ஆலையில் டேங்க் வடியும். பாய்லருக்கு சாலிட் ஃபியூவல் மட்டுமே போட்டிருந்தால் இன்னும் மோசம்: எண்ணெய் நின்றதால் எரிபொருள் இல்லை, எரிபொருள் இல்லாததால் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாததால் எண்ணெய் இல்லை. இரண்டு பாய்லராவது நிலக்கரியில் ஓடட்டும், அவை தரும் 3.6 மெகாவாட்டில் பம்ப்ஜாக்குகளும் பம்புகளும் மறுபடி எழுந்துவிடும். நம் ஊரில் நாலு மணி இடிக்குப் போகும் மின்சாரத்துக்கு மட்டும் ஆட்டத்துக்குள் மருந்து இல்லை, ஆட்டோசேவ் இடைவெளியை 5 நிமிடத்துக்குக் குறைத்து வையுங்கள்.